யந்திரம் தடுக்கி நிற்கும் இடங்கள்

தானே ஊர்ந்து சென்று தரையைக் கூட்டும் ரோபோ வாக்குவம் நம் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளில் குடியேறத் தொடங்கியதிலிருந்து, அதை வாங்கியவர்கள் பலரும் ஒரே புகாரைத்தான் சொல்லிவருகிறார்கள்: கூட்டுகிற நேரத்தைக் காட்டிலும், எங்கேயாவது சிக்கிக்கொண்டு ஆளைக் கூப்பிடுகிற நேரமே அதிகம் என்கிறார்கள். புகாரில் உண்மை இருக்கிறது. ஆனால் யந்திரத்தின்மீது பழியைப் போட்டு, பெட்டிக்குள் வைத்துப் பரண்மேல் ஏற்றிவிடுமுன், அது சிக்கிய இடங்கள் எவையெவை என்று ஒரு வார காலமாவது கவனித்துப் பார்க்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் அந்த இடங்களில் பெரும்பாலானவை, வீட்டுப் பெரியவர்களின் கால் தடுக்கும் இடங்களாகவும், கூட்டிப் பெருக்க வரும் பெண்மணியின் முதுகு நோகும் இடங்களாகவுமே இருக்கின்றன.

இந்தச் சாதனத்தின் சரித்திரம் நீண்டதன்று. ஸ்வீடன் தேசத்து எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 2001-இல் டிரைலோபைட் என்னும் பெயரில் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ராட்னி புரூக்ஸ், காலின் ஆங்கிள், ஹெலன் கிரைனர் ஆகிய மூவர் 1990-இல் அமெரிக்காவில் ஸ்தாபித்த ஐரோபாட் நிறுவனத்தின் ரூம்பா, மறு ஆண்டே வெளிவந்து உலகப் பிரசித்தி பெற்றது. ஆதியில் வந்த ரூம்பா முட்டிமோதித் திரும்பும் ஜாதி. பிற்பாடு வந்தவை லேசர் கதிரைச் சுழற்றியோ, காமிராவால் பார்த்தோ அறையின் வரைபடத்தைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. இவ்வளவு புத்தி வாய்த்த பிறகும் அவை எப்படிச் சிக்குகின்றன என்பதுதான் சிந்திக்கத் தக்க விஷயம்.

சோபாவின் அடியை எடுத்துக்கொள்வோம். இந்த யந்திரங்களில் பெரும்பாலானவற்றின் உயரம் 8 முதல் 10 சென்டிமீட்டருக்குள் அடங்கும். உச்சியில் லேசர்க் கோபுரம் தாங்கியவை சற்றே உயர்ந்தவை. சோபாவின் முன்விளிம்பு தரையிலிருந்து பத்தரை சென்டிமீட்டர் இருக்குமானால், யந்திரம் தடையின்றி உள்ளே நுழைந்துவிடும். ஆனால் வருஷக்கணக்கில் மனிதர்கள் உட்கார்ந்ததால் அடித்துணி தொய்ந்து, நடுப்பகுதியில் இடைவெளி ஒன்பது சென்டிமீட்டராகக் குறுகியிருக்கும். எதிரே சுவர் இருந்தால் முகப்பிலுள்ள பட்டை அமுங்கி, திரும்பிப் போகவேண்டும் என்று யந்திரத்துக்கு அறிவிக்கும். மேலிருந்து ஒன்று சிறிது சிறிதாக அழுத்தும்போதோ அந்தப் பட்டையால் அதிகப் பிரயோஜனமில்லை. சக்கரம் முன்னே தள்ள, தலை துணியில் புதைய, மரப்பிளவில் அறைந்த ஆப்பைப்போல் அது இறுகி நின்றுவிடுகிறது. இதற்குப் பரிகாரம் இரண்டே. கால்களுக்கு அடியில் உறுதியான கட்டை கொடுத்து இடைவெளியைப் பன்னிரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல் உயர்த்தவேண்டும். அல்லது ஒரு பலகையை வைத்து முழுவதும் அடைத்துவிடவேண்டும். எல்லாத் தொல்லைக்கும் மூலம் அரைகுறை இடைவெளியே. அதே சோபாவின் அடியில், இத்தனை காலமும் ஒரு பெண்மணி தரையோடு தரையாகக் குனிந்து, கன்னம் ஏறக்குறையத் தரையைத் தொடும்படி சாய்ந்து, துடைப்பத்தை நீட்டிக் குப்பையை இழுத்துக்கொண்டிருந்தாள் என்பதையும், அவளிடம் ஒருவரும் இது சிரமமாக இருக்கிறதா என்று கேட்டதில்லை என்பதையும் நாம் நினைத்துப்பார்க்கவேண்டும். மனிதக் கை பொறுத்துப்போன குறைகளை யந்திரம் பொறுப்பதில்லை.

அடுத்தபடியாக, தரையோடு படிந்த அடிப்பாகம் உடைய சாமான்களைச் சொல்லவேண்டும். நின்றெரியும் விளக்கின் தட்டும், பெடஸ்டல் ஃபேனின் வட்டப் பாதமும், துணி காயப்போடும் ஸ்டாண்டின் கீழ்க்கம்பியும் ஓரங்களில் தாழ்ந்திருப்பதால், யந்திரம் அவற்றைத் தடையென்று கருதாமல் ஏற முயல்கிறது. பாதி ஏறியதும் வயிறு மேடையில் தங்கிவிட, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. சக்கரம் ஸ்பிரிங்கின் மேல் அமைந்திருப்பதால் அது கீழிறங்கியதை உணர்ந்து, யாரோ தன்னைத் தூக்கிவிட்டதாக எண்ணி, ஓட்டத்தையே நிறுத்திவிடுகிறது. யந்திரம் ஓடும் வேளையில் இவற்றை நாற்காலிமேல் எடுத்து வைத்தால் போதும். செயலியில் அந்த இடத்தைத் தடைப்பகுதி என்று குறித்துவைத்தால் அதுவும் வேண்டாம்.

மாடிப்படி உள்ள வீட்டில் வேறொரு ஜாக்கிரதை அவசியம். யந்திரத்தின் அடியில் உள்ள உணரிகள் அகச்சிவப்புக் கதிரைத் தரைமேல் செலுத்தி, அது திரும்பி வருகிறதா என்று பார்க்கின்றன. திரும்பாவிட்டால் பள்ளம் என்று தீர்மானித்துப் பின்வாங்குகின்றன. கன்னங்கரிய விரிப்பு கதிரை உறிஞ்சிவிடுவதால், சமதரையையே பள்ளமென்று மயங்கி யந்திரம் நின்றுவிடுவதுண்டு. இதற்காகச் சிலர் அந்த உணரிகளின்மேல் காகிதத்தை ஒட்டி மறைத்துவிடுகிறார்கள். படிக்கட்டுள்ள வீட்டில் அது ஒருக்காலும் செய்யத் தகாத காரியம். விரிப்பை மாற்றுங்கள், உணரிகளை உலர்ந்த துணியால் அவ்வப்போது துடையுங்கள்.

இனி ஒயர்களும் விரிப்புகளும். கட்டிலோரம் தொங்கும் சார்ஜர் ஒயர், டி.வி. ஸ்டாண்டின் பின்னால் சுருண்டு கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஜமக்காளத்தின் குஞ்சம், கட்டிலிலிருந்து வழிந்து தரையைத் தொடும் புடவைத் தலைப்பு, ஓரம் மடங்கிய மிதியடி ஆகியவை எல்லாம் சுழலும் பிரஷ்ஷுக்குள் போய்ச் சுற்றிக்கொள்கின்றன. நீண்ட கூந்தலுடையவர்கள் வாழும் வீட்டில் உருளையின் இரு முனைகளிலும் முடி இறுகச் சுற்றிவிடும். உருளையைக் கழற்றி, கத்தரிக்கோலால் நெடுக வெட்டி எடுக்காவிட்டால் யந்திரத்தின் ஆயுள் குறையும். ஆனால் நான் இங்கே வற்புறுத்த விரும்புவது யந்திரத்தின் ஆயுளை அன்று. உலகமெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து மாண்டுபோகிறார்கள் என்றும், அவ்வாறு இறப்போரில் அறுபது வயது கடந்தவர்களே மிகுதி என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இரவில் எழுந்து, விளக்கைப் போடாமல் பழக்கத்தால் நடக்கும் ஒரு பாட்டியின் காலில் சுற்றிக்கொள்ளக் காத்திருப்பதும் அதே ஒயர்தான். யந்திரத்துக்காகவாவது அதைச் சுவரோடு கிளிப் அடித்து உயர்த்திவிட்டோமானால், இரண்டு காரியமும் ஒருங்கே நடந்துவிடும்.

பூஜை அலமாரியின் முன் குத்துவிளக்கு தரையில் எரியும்போது யந்திரத்தை ஓட்டக் கூடாது. இதில் விவாதத்துக்கு இடமில்லை. கூடத்தில் போட்ட மாக்கோலமும் தப்பாது. கோலப்பொடியின் நுண்துகளோ வடிகட்டியை அடைத்துவிடும்.

எல்லாவற்றினும் கடினமானது நிலைப்படி. சாதாரணமாக இந்த யந்திரங்கள் இரண்டு சென்டிமீட்டர் உயரம் வரை ஏறும். மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கும் தலைவாசல் நிலைப்படியில் யாரும் கைவைக்கவேண்டியதில்லை. யந்திரம் வெளியே போய்விடாமல் அதுவே காவல் காக்கிறது. குளியலறை வாசலின் தடுப்பும் தண்ணீருக்கு அணையாக நிற்பது. அதற்கும் நியாயம் உண்டு. ஆனால் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே, யாதொரு காரணமுமின்றி, மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் கிரானைட் பட்டை ஒன்றைப் பதித்துவிடுகிற வழக்கத்துக்கு என்ன நியாயம் இருக்கிறது? யந்திரம் அதன்முன் தலையை உயர்த்தி, சறுக்கி, மறுபடி உயர்த்திச் சோர்ந்துபோகிறது. நடைக்குச்சி ஊன்றி வருபவரும், சக்கர நாற்காலியில் வருபவரும் அங்கேதான் ஒவ்வொரு நாளும் துன்பப்படுகிறார்கள். இரு பக்கமும் மரத்தாலோ ரப்பராலோ சரிவு வைத்தால் ஓரளவு நிவர்த்தி கிடைக்கும். சரிவு நீண்டு, மெல்ல உயர்வதாக இருக்கவேண்டும். செங்குத்தான குட்டைச் சரிவு காலுக்குப் புதுத் தடையாகிவிடும்.

யந்திரங்கள் வளர்ந்துகொண்டேதான் இருக்கின்றன. 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் நகரத்துக் கண்காட்சியில், தரையில் கிடக்கும் காலுறையைத் தூக்கி அப்புறப்படுத்தும் இயந்திரக் கை பொருத்திய வாக்குவத்தை ரோபோராக் நிறுவனம் காட்டியது. அந்தச் சாமர்த்தியத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆயினும், நம் வீட்டுத் தரையைச் சீர்படுத்தும் பொறுப்பை வருங்கால யந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, அதுவரையில் தாத்தா பாட்டிகளைத் தடுக்கி விழ விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. புதிதாக வீடு வாங்குவோர் வரைபடம் போடும் கட்டத்திலேயே பில்டரிடம் சென்று, அறைக்கு அறை தரை ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும், கிரானைட் பட்டை டைல்ஸோடு சமமாகப் பதியவேண்டும், பிளக் பாயிண்ட் கட்டிலின் தலைமாட்டுக்கு நேரே சுவரில் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். கட்டில் செய்யும் ஆசாரியிடம் அடிச்சட்டம் தரையிலிருந்து அரை அடியாவது உயர்ந்திருக்கட்டும் என்று முன்பணம் கொடுக்கும் அன்றே சொல்லிவிடவேண்டும்.