லாரிக்கு இன்னொரு டிரைவர்

சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் தஞ்சாவூர், திருவாரூர் சாலைகளில் திறந்த பாடி லாரிகளின் ஓட்டம்தான். கொள்முதல் நிலையத்திலிருந்து நெல் போகும், களத்திலிருந்து வைக்கோல் போகும், செயின் டைப் அறுவடை இயந்திரம் ஊர் ஊராக ஏறி இறங்கும். இத்தனை பாரத்தோடு போகும் லாரியில் பெரும்பாலும் ஒரே ஆள். கிளீனரே அருகிவிட்ட காலத்தில் மாற்று டிரைவரை எங்கே தேடுவது?

சட்டம் முன்பு இப்படி இல்லை. நேஷனல் பெர்மிட் கனரக லாரிக்கு இரண்டு டிரைவர் வேண்டும், ஒருவர் ஓட்டும்போது மற்றவர் காலை நீட்டிப் படுக்க கேபினில் இடம் வேண்டும் என்றன 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். 2018இல் ஒன்றிய அரசு இரண்டு டிரைவர் நிபந்தனையை எடுத்துவிட்டது. அதே ஆண்டில்தான் பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்தது. விதி இருந்தபோதும் யார் மதித்தார்கள் என்று உரிமையாளர்கள் கேட்கிறார்கள். மதிக்கவில்லை என்பது உண்மை. அதற்காக விதியையே தூக்கி எறிந்தது தவறு.

ஆனால் எல்லா லாரிக்கும் இரண்டு பேர் என்று கேட்பதும் சரியாகாது. இருவர் மாறி மாறி ஓட்டுவதன் பலனே சக்கரம் நிற்காமல் சுற்றுவதில்தான். நெல் லாரி நாளில் பாதி நேரம் நின்றுகொண்டுதான் இருக்கிறது. 40 கிலோ சிப்பம் 400 ஏற்றினால் 16 டன். அத்தனையும் தலைச்சுமையாக ஏறி, தலைச்சுமையாகவே இறங்க வேண்டும். தார்ப்பாயை விரித்து, கயிற்றை இழுத்துக் கொக்கியில் மாட்டி முடிப்பதற்குள் டிரைவரின் சட்டை நனைந்துவிடும். பிறகு எடைமேடை, பிறகு கிடங்கு வாசலில் வரிசை. தூறல் விழுந்தால் இறக்க மாட்டார்கள். 2025 அக்டோபரில் குறுவை நெல் மழையில் தேங்கி முளைவிட்டபோது டெல்டா முழுவதும் இதைப் பார்த்தது.

இரவில் லாரியடியில் பாய் விரித்துப் படுக்கிறார் டிரைவர். முன்னால் நிற்கும் லாரி உறுமினால் எழுந்து பத்தடி நகர்த்திவிட்டு மறுபடி படுக்கிறார். இந்த இடத்தில் இன்னொரு டிரைவரைச் சேர்த்தால் இரண்டு பேர் காத்திருப்பார்கள், ஒரு வாடகையில் இரண்டு பேட்டா போகும். அவ்வளவுதான்.

ஆபத்து அடுத்த லோடில் இருக்கிறது. இரண்டு இரவு சரியாகத் தூங்காத அதே மனிதர் வைக்கோலைக் கூரைக்கு மேல் கட்டிக்கொண்டு கேரளத்துக்குக் கிளம்புகிறார். வாளையாறுக்கே 250 கிலோமீட்டருக்கு மேல். பின்னால் வருவது தெரியாது, வளைவில் பாரம் சாயும். அந்த ஓட்டத்துக்குத்தான் இரண்டாவது ஆள் வேண்டும்.

நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடங்களை அது தொடவில்லை. ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவரிடம் வேலை பார்க்கும் டிரைவருக்கு அந்த 8 மணி எப்படிக் கிடைக்கும்? ஐரோப்பாவில் நாலரை மணி ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும். எத்தனை லாரி வைத்திருக்கிறார் முதலாளி என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

எனவே இரண்டு டிரைவர் விதி திரும்ப வர வேண்டும். பெர்மிட்டைப் பார்த்து அல்ல, ஓட்டும் நேரத்தைப் பார்த்து: ஒரே லோடு 8 மணிக்கு மேல் ஓட வேண்டியிருந்தால் இரண்டு பேர், செலவு லோடு அனுப்புபவருடையது. டெல்டாவுக்குள் ஓடும் நெல் லாரிக்கு வேண்டியது வேறு. அடுத்த கொள்முதலுக்கு லாரி ஒப்பந்தம் எழுதும்போது, கிடங்கு வாசலில் நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் கூலி என்று தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் ஒரு வரி சேர்க்கட்டும். நேரம் குறித்த டோக்கனும், டிரைவர்கள் படுக்க ஒரு கொட்டகையும், குளிக்கத் தண்ணீரும் ஒவ்வொரு கிடங்கிலும் குறுவை அறுவடைக்கு முன்பே தயாராக இருக்கட்டும்.