ரீஸ்டார்ட் வைத்தியம்



இன்றைய பதிவு கொஞ்சம் தொழில் சார்ந்தது. ஐடி பக்கம் போகாத சொந்தபந்தங்கள் பொறுத்துக்கொள்ளவும். உங்கள் வீட்டுப் பிள்ளை ராத்திரி 2 மணிக்கு லேப்டாப்பும் கையுமாக ஏன் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நீங்களும் படிக்கலாம்.

என்னிடம் ஜாவா படித்த ஒரு பெண் சப்போர்ட் டீமில் நைட் ஷிப்ட் பார்க்கிறாள். கட்டணம் வசூலிக்கும் ஒரு இணையதளம், கடைசித் தேதி நெருங்கிய வாரத்தில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை உறைந்து நின்றது. அவளுக்குக் கொடுத்திருந்த உத்தரவு ஒரே வரி: நின்றால் டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய். செய்தாள். ஒவ்வொரு தடவையும் பாதியில் இருந்த சிலருக்கு வங்கியில் பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை. பெற்றோர்கள் போனில் திட்டித் தீர்த்தார்கள். வார முடிவில் மீட்டிங்கில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டது அவளைத்தான். லாக் ஃபைலைத் திறந்து பார்க்கும் அனுமதிகூட அவளுக்குக் கிடையாது!

ரீஸ்டார்ட் செய்யும் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, லாக் படிக்கும் உரிமையைக் கொடுக்காமல் வைத்திருப்பது அநியாயம் என்பது என் கருத்து. தெர்மாமீட்டரைப் பூட்டி வைத்துவிட்டு நர்ஸிடம் ஊசியை மட்டும் கொடுப்பது போல.

உறவினர்களுக்காக ஒரு வார்த்தை. அப்ளிகேஷன் சர்வர் என்பது கல்யாண மண்டபம். உள்ளே நடக்கும் கல்யாணம்தான் நாம் எழுதிய அப்ளிகேஷன். மண்டபத்தில் விளக்கு எரிகிறது என்பதால் கல்யாணம் நடக்கிறது என்று அர்த்தமில்லை. டாம்கேட் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், அப்ளிகேஷன் தொடங்கும்போதே விழுந்திருக்கும், பார்ப்பவருக்கு 404 வரும். உடனே நம் ஆட்கள் முகவரி தப்பா என்று தேடுவார்கள். காரணமோ லாக்கில் கிடக்கும். அதுவும் முதல் வரியில் இல்லை, கீழே கடைசியாக வரும் 'காஸ்டு பை' வரியில்.

அந்த உறைதலுக்கு வருகிறேன். டேட்டாபேஸ் கனெக்ஷன்கள் நூலகப் புத்தகங்கள் மாதிரி. எடுத்தவர் திருப்பித் தர வேண்டும். கோடில் எங்கோ ஓரிடத்தில், பிழை வந்தால் மட்டும், கனெக்ஷனை மூடாமல் விட்டிருப்பார்கள். ஒவ்வொன்றாகக் காணாமல் போய், கடைசியில் அலமாரி காலி. அடுத்து வருகிறவர்கள் எல்லோரும் காத்து நிற்பார்கள். டாம்கேட்டில் மாற்றாமல் விட்டால் ஒரு கனெக்டருக்கு 200 த்ரெட் வரைதான். அத்தனையும் காத்து நின்றால் தளம் உறைந்துவிடும். ரீஸ்டார்ட் செய்தால் அலமாரி மறுபடி நிரம்பும், சில மணி நேரம் ஓடும், எல்லோரும் சரியாகிவிட்டது என்பார்கள். ஆனால் யார் எங்கே காத்து நின்றார்கள் என்ற தடயம் அந்த ரீஸ்டார்ட்டோடு அழிந்துவிடுகிறது.

"சைட் நிற்கும்போது உட்கார்ந்து படிக்க முடியுமா சார்?" என்று ஒரு மேனேஜர் மாணவன் கேட்டான். நியாயமான கேள்விதான். ரீஸ்டார்ட் செய்யாதே என்று நான் சொல்லவில்லையப்பா. அதற்கு முன் ஜேஸ்டாக் ஓட்டி த்ரெட் டம்ப் எடுத்து வை. சில வினாடி வேலை. பாதி த்ரெட்டுகள் கனெக்ஷன் கேட்டு ஒரே வரியில் நிற்பது தெரிந்தால் நோய் பிடிபட்டது. பிறகு பூல் அமைப்பில் 'லாக் அபேண்டன்ட்' வசதியை இயக்கினால், எடுத்ததைத் திருப்பித் தராதது எந்த வரி என்று அதுவே எழுதிக் காட்டும். லாக்கில் வாடிக்கையாளர் விவரம் இருக்கிறது, ஜூனியரிடம் காட்ட முடியாது என்று இன்னொரு சாக்கு. அந்த விவரங்களை முதலில் லாக்கில் எழுதியது யார்?

இன்னொன்று, பலரும் மாட்டுவது. டாம்கேட் 9-இல் ஓடிய வார் ஃபைலை 10-இல் போட்டு 404 வாங்குவது. ஜாவா இஇ எக்லிப்ஸ் அமைப்புக்குப் போன பிறகு, 2020-இல் வந்த ஜகார்த்தா இஇ 9-இல் 'ஜாவாஎக்ஸ்' என்ற பெயர் 'ஜகார்த்தா' என்று மாறிவிட்டது. பழைய கோடு தேடும் கிளாஸ் புதிய சர்வரில் இல்லை. இதற்கு ஆயிரம் ரீஸ்டார்ட் போட்டாலும் ஒன்றும் நடக்காது. பழைய வாரை 'வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ' ஃபோல்டரில் போட்டால் டாம்கேட்டே மாற்றிக்கொடுக்கும். எத்தனை பேருக்குத் தெரியும்?

டீம் லீடாகவும் மேனேஜராகவும் இருக்கிற என் பிள்ளைகளே, திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் நைட் ஷிப்ட் பிள்ளைகளுக்கு லாக் படிக்கும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்கிக் கொடுங்கள். அந்தப் பெண் இன்னும் ராஜினாமாக் கடிதத்தை அனுப்பவில்லை; எழுதி வைத்திருக்கிறாள்.

சந்தேகம் இருந்தால் கேளுங்கள். ஒரே வேண்டுகோள்: பிழைச் செய்தியை மானிட்டரில் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள், எழுத்தாகவே அனுப்புங்கள். எனக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது.