பல்செட்டு கொடுத்தால் மட்டும் போதாது

வெற்றிலையும் சீவலும் புகையிலையும் ஓயாத எங்கள் திருவையாற்றுப் பக்கத்தில், அறுபதைத் தாண்டியவர்களில் பல்செட்டுக்காரர்கள் நிறைய. நானும் ஒருத்தி. குழைந்த பொன்னிச் சோறு சீக்கிரமே இறங்கிவிட்டது. முறுக்கு இன்னும் வசப்படவில்லை. மேல்செட்டு அண்ணத்தில் பிடித்துக்கொள்ளும். கீழ்செட்டுதான் பாடாய்ப்படுத்தும், நாக்கு அசையும்போதெல்லாம் கிளம்பும். இருபக்கமும் சேர்த்து மெல்லவும், செய்தித்தாளை உரக்கப் படித்துப் பேச்சைத் திருத்தவும் பழகினேன்.

பல் பிடுங்கியபின் தாடையெலும்பு தேய்ந்துகொண்டே போகும், முதல் வருடத்தில் வேகமாக. அதனால் நன்றாகப் பொருந்திய செட்டும் தளர்ந்து ஈறைப் புண்ணாக்கும். மருத்துவர் செட்டை ராவிச் சரிசெய்ய வேண்டும். பிறகு உட்புறம் புதிதாக நிரப்பித் தர வேண்டும். இதைச் சொல்ல ஆளில்லாமல், செட்டை டப்பாவில் போட்டுவிட்டுக் கஞ்சியே கதியென்று இருக்கிறார்கள் என் வயதுக்காரர்கள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

புதுக்கோட்டையில் 2023இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்தது. நல்லது. ஆனால் ஓர் ஈறுப் புண்ணுக்காக, நடவுக் கூலியை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் யார் போவார்கள்? வட்ட அரசு மருத்துவமனைகளில் வாரம் ஒருநாள் பல்செட்டுச் சீரமைப்புக்கென்றே ஒதுக்க வேண்டும். வலித்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள்; செட்டோடு போய்க் கேளுங்கள்.