பந்தயக் களமும் பொது வீதியும்

விரைவில் வேட்கையுறுதல் இளமைக்கு இயல்பு. பத்தொன்பது வயதினராகிய யாம் அதனை மறுப்போமாயின் எம் நண்பரே எம்மை நகைப்பர். ஆகலின் மோட்டார்ப் பந்தயம் வேண்டுமா, வேண்டாவா என்பது ஈண்டு எமது ஆராய்ச்சியன்று. அது நிகழ்தற்குரிய இடம் அதற்கென்றே அமைத்த நிலையான களமோ, அன்றி இரண்டொரு நாளைக்கு மறித்துக்கொண்ட நகர வீதியோ என்பதே யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இதன்கண் வரலாறு நல்லாசிரியனாக நிற்கின்றது. மோட்டார் வண்டி தோன்றிய தொடக்கத்தில் பந்தயங்கள் ஊர்தோறும் செல்லும் பெருஞ்சாலைகளிலேயே நடைபெற்றன. 1903-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரினின்று மாட்ரிட் நோக்கிப் புறப்பட்ட பந்தயத்தில் ஓட்டுநரும் வேடிக்கை பார்க்க வந்தோருமாகப் பலர் மாண்டனர். புகழ்பெற்ற ஓட்டுநராகிய மார்செல் ரெனோவும் அவருள் ஒருவர். அப்பந்தயம் போர்தோ நகரிலேயே நிறுத்தப்பட்டது. பொதுச் சாலையிற் பந்தயம் நடத்தச் சட்டம் இடந்தராத இங்கிலாந்தில், 1907-இல் புரூக்லண்ட்ஸ் என்னுமிடத்திற் சிமெண்டாலாகிய களமொன்று எழுந்தது. 1909-இல் அமெரிக்காவின் இந்தியானாபொலிஸும், 1922-இல் இத்தாலியின் மோன்ஸாவும் அதனைத் தொடர்ந்தன. எனினும் இத்தாலியர் நாட்டுச் சாலைகளிலேயே மில்லே மிலியா என்னும் ஆயிரம் மைற் பந்தயத்தை நடத்தி வந்தனர். 1957-இல் வண்டியொன்று நெறி தவறிப் பாய, ஓட்டுநர் இருவரும், சாலையோரம் நின்ற ஒன்பதின்மரும் உயிர் துறந்தனர். அவ்வொன்பதின்மருள் ஐவர் சிறுவர். அவ்விரைவுப் பந்தயம் அத்துடன் முடிவுற்றது.

நிலையான களத்தின் சிறப்பு யாது? தவறு நேருமென்று முன்னரே எண்ணி அமைத்தலே அதன் சிறப்பு. வளைவிற்கு அப்பால் வெற்றிடமும் சரளைப் பரப்பும் உள. அவற்றைக் கடந்த வண்டியைத் தாங்க டயர் அடுக்குகள் உள. காண்போர் தொலைவில் உயர்ந்த இடத்து அமர்வர். வீதியிலோ, வளைவை அடுத்து நிற்பது சுவர். சாக்கடை மூடியும் அங்கே பகையாகின்றது. தாழ்ந்து விரையும் பந்தய வண்டியின் அடியிற் காற்றழுத்தம் குறைதலால், இறுகப் பொருத்தாத மூடி மேலெழுந்து வண்டியைத் தாக்கும். 2019-இல் பாகு நகரிலும், 2023-இல் லாஸ் வேகாஸ் நகரிலும் இவ்வாறு நிகழ்ந்து பயிற்சி ஓட்டங்கள் தடைப்பட்டன.

வீதிப் பந்தயத்தார் கூறுவதையும் கேட்டல் முறை. 1929 முதல் மொனாக்கோவின் குறுகிய தெருக்களில் நிகழும் பந்தயம், ஓட்டுநர் திறத்திற்கு உரைகல்லாய் விளங்குகின்றது என்பர், அது மெய்யே. களம் ஊர்ப்புறத்தே கிடக்க, வீதிப் பந்தயம் மக்களை நாடி வருகின்றது என்பர், அதுவும் மெய்யே. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களிற் சென்னையில், தீவுத்திடலைச் சுற்றி, 3.5 கிலோமீட்டர் நீளமும் 19 வளைவுகளும் கொண்ட பாதையில் இரவுப் பந்தயம் நிகழ்ந்தது. அண்ணா சாலையையும் நேப்பியர் பாலத்தையும் அன்றாடம் காண்போர், அவை ஒளிவெள்ளத்திற் பந்தயப் பாதையாக மாறியது கண்டு வியந்தனர். யாமும் வியந்தோம்.

எனினும் அவ்வியப்பின் விலையையும் எண்ணல் வேண்டும். 2023 டிசம்பரில் நிகழவிருந்த அப்பந்தயம் புயலால் ஒத்திவைக்கப்பட்டது, வழக்குமன்றமும் ஏறிற்று. பந்தயத்தின் முதல் நாளன்று, பாதைக்குரிய சான்று கிடைக்கத் தாமதித்தமையால் நிகழ்ச்சிகள் நெடுநேரம் தள்ளிப்போயின. ஆண்டு முழுதும் பொதுமக்களுக்குரிய வழியை இரண்டு நாளைக்குக் களமாக்கி மீண்டும் வழியாக்குதல் எளிதன்று. இந்நகருக்கோ களம் இல்லாமலில்லை. போர்க்காலத்து விமானத் தளமாயிருந்த சோழவரத்தில் முன்னர்ப் பந்தயங்கள் நடந்தன. பின்னர் 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான களமே அமைந்தது.

இங்கே எம் நெஞ்சிலுள்ளதை மறையாது கூறுவோம். எம்மொடு பள்ளியிற் பயின்ற தோழனொருவன் நள்ளிரவிற் கடற்கரைச் சாலையொன்றில் நண்பரொடு பைக் பந்தயமிட்டு வீழ்ந்தான். பல திங்கள் படுக்கையிற் கிடந்தவன் இன்றும் ஊன்றுகோல் கொண்டே நடக்கின்றான். தவறு அவனதே, அவனும் அதனை ஒப்புவன். ஆயினும் யாம் அவனைக் காணச் சென்றபோது, “அந்தச் சாலை கூடாதென்றால் வேறு எங்கே ஓட்டுவது?” என்று வினவினான். யாம் விடை கூறாது திரும்பினோம்.

அவ்வினாவிற்கு வீதிப் பந்தயம் விடையாகாது. விழா முடிந்ததும் தடுப்புச் சுவர்கள் அகலும். சாலை மட்டும் எஞ்சும். முந்திய இரவு வீரர் விரைந்த அதே சாலை, மறுநாள் இளைஞன் கண்ணுக்கு எதனை நினைவூட்டும்? களமோ ஆண்டு முழுதும் அங்கேயே இருந்து, தலைக்கவசம் அணிவித்து, ஆசிரியர் கண்காணிப்பில் அவனை ஓட்டச் செய்யும்.

களம் அமைத்தல் மட்டும் போதுமோ எனின், போதாது. நொய்டாப் பகுதியில் 2011-இல் திறந்த புத்தர் பெயர் தாங்கிய பெருங்களத்தில், ஃபார்முலா ஒன்று பந்தயம் 2013-உடன் நின்றது. கட்டிய களத்தைக் கற்பிக்கும் இடமாக ஆளாவிடின் அது வெறுங்கல்லே. ஆகலின், உள்ள களங்களில் திங்கட்கொரு நாளேனும் மாணவர்க்குக் குறைந்த கட்டணத்திற் பயிற்சியளித்தல் வேண்டும்; அங்கே செல்லப் பேருந்தும் வேண்டும். வீதியை மறிக்கச் செலவாகும் பொருளின் ஒரு பகுதி இதற்குப் போதுமென யாம் கருதுகின்றோம்.

வீதி நடப்பார்க்கும், நோயாளியை ஏற்றி விரையும் ஆம்புலன்ஸுக்கும், பள்ளி செல்லும் சிறார்க்கும் உரியது. விரைவுக்கு உரியது களம். அவ்வவற்றை அவ்வவற்றின் இடத்தில் நிறுத்துவோமாயின், எம் தோழனை அடுத்த முறை காணச் செல்லும்போது கூறுதற்கு எம்மிடம் ஒரு விடை இருக்கும்.