பின் ஆசனத்திலிருந்து தெரிந்த சிவப்பு விளக்கு

நெடுந்தூரப் பயணங்களில் பெண் பிள்ளைகளுக்குத் தரப்படும் ஒரே பொறுப்பு, வாந்தியெடுக்காமல் தூங்கி வருவதுதான். தேசிக்காய் ஒன்றைக் கையில் தந்து பின் ஆசனத்தில் இருத்திவிடுவார்கள். எந்தப் பாதையால் போகிறோம், வாகனத்துக்கு என்ன கோளாறு என்பதெல்லாம் ஆண்களின் விவகாரம். இது மாற வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கடந்த டிசம்பர் விடுமுறையில், புத்தளத்தில் மாமியின் மகளுக்குக் கல்யாணம். வபாத்தான எங்கள் மூத்தவாப்பாவின் மொரிஸ் மைனர் காரில்தான் போவது என்று வாப்பா முடிவெடுத்தார். 1961ஆம் ஆண்டுக் கார். காத்தான்குடியிலிருந்து செங்கலடி, மகாஓயா, மகியங்கனை, கண்டி, குருநாகல் என்று 300 கிலோமீற்றருக்கு மேல், கிழக்கிலிருந்து மேற்குக் கரைக்கு. "வேனொன்று பிடித்தால் என்ன?" என்று உம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. வாப்பா ஓட்ட, முன்னால் மாமா. பின்னால் உம்மா, தம்பி, நடுவில் நான்.

மொரிஸ் மைனரில் வேகமானி சாரதிக்கு நேரே இல்லை, நட்டநடுவில் இருக்கிறது. அதனால் பின் ஆசனத்தின் நடுவில் இருப்பவருக்கு அது நன்றாகத் தெரியும். ஹசலக்கையைத் தாண்டி, பதினெட்டு வளைவு ஏற்றத்தில் கார் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும்போது, அந்த வட்டத்துக்குள் சிறிய சிவப்பு விளக்கு மினுங்கியது. பிறகு அணையாமலே எரிந்தது.

"வாப்பா, சிவப்பு லைட் எரியுது" என்றேன்.

"பழைய கார்தானே மகள், அப்படித்தான் இரிக்கும். நீங்க படுங்க" என்றார் மாமா.

அந்த விளக்கு டைனமோ மின் தரவில்லை என்று சொல்லும் விளக்கு. டைனமோவைச் சுற்றும் அதே பெல்ட்தான் மின்விசிறியையும் தண்ணீர்ப் பம்பியையும் சுற்றுகிறது. பெல்ட் தளர்ந்தால் இயந்திரம் சூடேறும். எங்கள் காரில் வெப்பமானி கிடையாது. அந்த விளக்குத்தான் எச்சரிக்கை. இதை எனக்குச் சொல்லித் தந்தவர் மூத்தவாப்பா. வெள்ளிக்கிழமை காலைகளில் அவர் காரைத் திருத்தும்போது டோர்ச் பிடிப்பது என் வேலை. ஆனால் அன்று இரண்டாம் தடவை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அது என் பிழை.

இன்னும் மூன்று வளைவு ஏறுவதற்குள் பொனட் இடுக்கால் ஆவி பறந்தது. மாமா துணியொன்றைச் சுற்றிக்கொண்டு ரேடியேற்றர் மூடியைத் திறக்கப் போனார். அப்போதுதான் கத்தினேன்: "தொடாதீங்க மாமா!" அமுக்கம் கூடினால் கொதிநிலை கூடும் என்று பௌதிகவியலில் படிக்கிறோமே, அது இங்கே உயிர்ப் பிரச்சினை. மூடியைத் திறந்தால் அமுக்கம் சட்டென்று குறைந்து, உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். வகுப்பில் இதற்குக் கணக்குச் செய்து முழுப் புள்ளியும் வாங்குகிறோம். வீதியில் வாய் திறக்கக் கூசுகிறோம்.

முக்கால் மணித்தியாலம் காத்திருந்தோம். ஸ்பெனர் முதலில் தம்பியின் கைக்குத்தான் போனது. அவனுக்குப் பன்னிரண்டு வயது. அவன் அந்தக் காரின் பொனட்டைத் திறந்தே பார்த்ததில்லை. பாவம், விழித்துக்கொண்டு நின்றான். கடைசியில் வாப்பா, "நீங்க வாங்க மகள்" என்றார். டைனமோவின் போல்ட்களைத் தளர்த்தி, வாப்பா தடியொன்றால் டைனமோவை வெளிப்புறமாக நெம்பிப் பிடிக்க, நான் இறுக்கினேன். பெல்ட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலமளவு அமிழ வேண்டும். அவ்வளவுதான் வேலை. உம்மாவுக்குக் கவலை, என் புது அபாயாவில் பட்ட கிறீஸ்.

1888 ஓகஸ்டில் ஜேர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண், கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரு மகன்மாரோடு மன்ஹைமிலிருந்து தாய்வீடு இருந்த போர்ட்ஸ்ஹைமுக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஓட்டிப் போனார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். ஏற்றங்களில் வண்டியைத் தள்ள வேண்டியிருந்தது. அந்த அனுபவத்தால்தான் பிறகு அதற்கு இன்னொரு கியர் சேர்க்கப்பட்டது. மோட்டார் காரின் முதல் நெடும்பயணமே ஒரு தாயினுடையது. அதற்குப் பிறகு நாங்கள் எப்படிப் பின் ஆசனத்துக்கு வந்தோம் என்று தெரியவில்லை.

பெற்றோரின் பயத்தை நான் கேலி செய்யவில்லை. இருட்டுப் பாதையில் வாகனம் நின்றால் மகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற பயம் உண்மையானது. ஆனால் அதே பயத்துக்காகத்தான் மகளுக்கு டயர் மாற்றத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். எல்லோரும் பழைய கார் வாங்குங்கள் என்றும் சொல்லவில்லை. உதிரிப்பாகம் தேடி வாப்பா அலையும் அலைச்சல் எனக்குத் தெரியும். புதிய வாகனங்களில் பொனட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. பழைய காரிலோ எது எதைச் சுற்றுகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உங்கள் வீட்டில் அப்படியொன்று இருந்தால், திருத்தும்போது மகளையும் கூப்பிடுங்கள்.

மாமா புத்தளத்தில் தங்கிவிட்டதால், திரும்பும்போது முன் ஆசனம் எனக்குக் கிடைத்தது. செங்கலடிச் சந்தியில் வாப்பா காரை ஓரம் கட்டினார். "ஊருக்குள்ள போக முந்தி பின்னுக்கு மாறுங்க மகள்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். மாறி இருந்தேன்.

அடுத்த வருடம் எனக்குப் பதினெட்டு. சாரதி அனுமதிப்பத்திரம் பற்றிக் கேட்டால், "சோதனை முடியட்டும், பார்ப்பம்" என்கிறார் வாப்பா. இப்போது மாதம் ஒருமுறை பெல்ட்டை நான்தான் அழுத்திப் பார்க்கிறேன். டோர்ச் பிடிப்பது தம்பி.