ஏறக்குறையப் பொருந்தும் சக்கரம்

கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு முடிந்து, புதுச்சேரியின் முத்தியால்பேட்டை தொடங்குகிறது. வார இறுதி மாலைகளில் இங்கே கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நின்றால், சென்னைப் பதிவெண், திண்டிவனத்தின் டிஎன் 16, விழுப்புரத்தின் டிஎன் 32, புதுச்சேரியின் பிஒய் 01 எனப் பலவகைப் பலகைகள் தாங்கிய கார்கள் ஒரே வரிசையில் ஊர்ந்து செல்வதைக் காணலாம். அவற்றுள் சிலவற்றின் சக்கரங்கள், தொழிற்சாலையில் பூட்டப்பட்டவை அல்ல என்பது பார்த்தவுடன் தெரியும். அகலமான டயர், பளபளக்கும் அலாய் சக்கரம், மட்கார்டுக்கு வெளியே துருத்தி நிற்கும் விளிம்பு. இதில் அழகு எது என்பது அவரவர் விருப்பம். ஆனால், அந்தச் சக்கரம் வண்டியோடு எப்படிப் பிணைக்கப்பட்டிருக்கிறது என்பது, எதிரே வருபவரின் உயிரோடும் தொடர்புடைய கேள்வி.

ஒரே மாதிரி காரின் விலை குறைந்த வகைக்கு எஃகுச் சக்கரமும், விலை உயர்ந்த வகைக்கு அலாய் சக்கரமும் தருவது கார் நிறுவனங்களின் வழக்கம். முதல் வகையை வாங்கியவர், பின்னர் வெளிச்சந்தையில் சக்கரம் தேடுகிறார். புதிதாக வாங்கப் பணம் போதாதபோது, வேறொரு காரிலிருந்து கழற்றிய பழைய சக்கரங்கள் கண்ணில் படுகின்றன. விட்டம் சரியாக இருக்கிறது, விலையும் படிகிறது. திருகாணித் துளைகள் மட்டும் சற்றே மாறியிருக்கின்றன. இந்த 'சற்றே' என்ற சொல்லில்தான் ஆபத்து தொடங்குகிறது.

சக்கரத்தின் திருகாணிகள் எல்லாவற்றின் நடுப்புள்ளிகளையும் இணைத்து ஒரு வட்டம் வரைந்தால், அதன் விட்டத்தையே பட்டறைகளில் 'பிசிடி' என்கிறார்கள். நான்கு திருகாணிகளும் 100 மில்லிமீட்டர் வட்டமும் கொண்ட அமைப்பு, நம் நாட்டுச் சிறிய கார்களில் பரவலானது. பழைய மாருதி 800 காரில் அந்த வட்டம் 114.3 மி.மீ.; பியட் நிறுவனம் நெடுங்காலம் கையாண்டது 98 மி.மீ. ஐந்து திருகாணி அமைப்பில் ஜப்பானிய, கொரிய கார்கள் பலவற்றில் 114.3 மி.மீ., ஜெர்மானிய கார்கள் பலவற்றில் 112 மி.மீ. ஜிப்சி, பொலிரோ போன்ற வண்டிகளில் 139.7 மி.மீ. விந்தையான இந்தப் பின்னங்கள், நாலரை அங்குலமும் ஐந்தரை அங்குலமும் மில்லிமீட்டருக்கு மாறியதன் எச்சங்கள். உலகெங்கும் ஒரே அளவு என்ற உடன்பாடு இத்துறையில் ஏற்படவே இல்லை.

நான்கு துளைச் சக்கரத்தை ஐந்து திருகாணி அச்சில் யாராலும் பூட்ட முடியாது. முடியாதது தெரிந்துவிடுவதால் அங்கே ஆபத்தும் இல்லை. 98-க்கும் 100-க்கும், 112-க்கும் 114.3-க்கும் இடையில்தான் சிக்கல். சிறிது தட்டி, சிறிது அழுத்தினால் சக்கரம் உள்ளே சென்றுவிடும். நட்டும் இறுகும். ஆனால், 98 மி.மீ. அச்சில் 100 மி.மீ. சக்கரம் அமரும்போது ஒவ்வொரு திருகாணியும் தன் துளையின் நடுவிலிருந்து 1 மி.மீ. விலகி நிற்கிறது. ஒன்றை நேராக இறுக்கினால், எதிரில் இருப்பது 2 மி.மீ. விலகுகிறது.

இந்த மில்லிமீட்டர் ஏன் முக்கியம்? காரின் எடையைத் திருகாணிகள் நேரடியாகச் சுமப்பதில்லை. அவை சக்கரத்தை அச்சின் முகப்போடு இறுக அழுத்துகின்றன. அந்த அழுத்தத்தால் பிறக்கும் உராய்வே எடையையும் பிரேக்கின் விசையையும் தாங்குகிறது. திருகாணியின் கூம்பு வடிவத் தலை, துளையின் கூம்பில் முழுமையாக அமர்ந்தால்தான் அந்த அழுத்தம் நிலைக்கும். ஒரு பக்கம் மட்டும் அமர்ந்தால், முறுக்குக் கருவி சரியான அளவைக் காட்டினாலும் பிடிப்பு பாதியே. பிறகு சக்கரம் நுண்ணிய அளவில் அசைகிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் திருகாணி ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. நடுத்தரக் காரின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 500 முறை சுழல்கிறது. கோட்டக்குப்பத்திலிருந்து சென்னை வரையிலான சுமார் 150 கிலோமீட்டரில் 75 ஆயிரம் முறை. கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் ஒடிவதுபோல, உலோகம் களைத்து ஒருநாள் முறிகிறது. அது பட்டறை வாசலில் நிகழாது; வேகத்திலும் வளைவிலும்தான் நிகழும்.

இந்த வேறுபாட்டைக் கடக்க மூன்று குறுக்குவழிகள் வழக்கத்தில் உள்ளன. துளையை அரம் கொண்டு அகட்டுவது முதலாவது. அத்துடன் கூம்பு வடிவ இருக்கை அழிந்துபோகிறது. பழைய துளைகளுக்கு இடையே புதிதாகத் துளையிடுவது இரண்டாவது. வார்ப்பு அலுமினியத்தில் அத்துளைகளுக்கு இடையே எஞ்சும் உலோகம் எவ்வளவு தாங்கும் என்பதை யாரும் கணக்கிட்டுச் சொல்வதில்லை. மூன்றாவது, அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இடைத்தகடு வைப்பது. தகடு பழைய வட்டத்தில் பூட்டப்படும். சக்கரம் தகட்டிலுள்ள புதிய வட்டத்தில் பூட்டப்படும். தக்க உலோகத்தில் துல்லியமாகக் கடையப்பட்ட தகடு தன் வேலையைச் செய்யக்கூடும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. எனினும், அது சக்கரத்தை வெளியே தள்ளுவதால் பேரிங்கின் மீதான சுமை கூடுகிறது. மேலும், நல்ல தகட்டையும் மட்டமான தகட்டையும் கண்ணால் வேறுபடுத்த வாங்குபவருக்கு வழியே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் விவரங்கள் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள உயர் நீதிமன்றத்தின் தளர்வான விளக்கத்தை ஒதுக்கி, இத்தடையை உறுதி செய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம் சேர்த்த 182-ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் விதிக்க வழிசெய்கிறது.

கடுமையாகத் தோன்றும் இச்சட்டத்தில் இரண்டு இடைவெளிகள் உள்ளன. திருகாணி வட்டம் என்பது பதிவுச் சான்றிதழில் இடம்பெறும் விவரமே அல்ல. எனவே, வேறு சக்கரம் பூட்டுவது சிறு அலங்காரமா, தடைசெய்யப்பட்ட மாற்றமா என்பது சோதிக்கும் அதிகாரியின் கண்ணோட்டத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. ஒரே அளவுள்ள, தரமான அலாய் சக்கரம் பூட்டியவரும், துளையை அகட்டிப் பூட்டியவரும் ஒரே தட்டில் நிறுத்தப்படுகிறார்கள். பெரும்பாலும் இருவருமே கேள்வியின்றிக் கடந்து செல்கிறார்கள். இரண்டாவது இடைவெளி, அபராதம் உரிமையாளரை நோக்குவது. உதிரிபாகம் விற்பவர் அதே பிரிவின்கீழ் ஓராண்டு வரை சிறைக்கோ ஒரு லட்சம் ரூபாய் அபராதத்துக்கோ ஆளாகலாம். ஆனால், அப்பொருளை 'முக்கியப் பாதுகாப்பு உறுப்பு' என மத்திய அரசு அறிவிக்கை செய்திருந்தால் மட்டுமே. துளையை அகட்டித் தரும் கையை இது தொடுவதில்லை.

கார் சக்கரங்களுக்கான ஐஎஸ் 9436 என்ற இந்தியத் தரநிலை, சக்கரத்தைப் பலவிதக் களைப்புச் சோதனைகளுக்கு உட்படுத்துகிறது. ஆனால், தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வடிவத்துக்கே அந்த முத்திரை பொருந்தும். துளையிடும் கருவி பட்ட கணமே முத்திரை வெறும் எழுத்தாகிவிடுகிறது.

கண்காணிப்போ இன்னும் மெலிந்தது. வாடகை வண்டிகள் குறித்த காலத்தில் தகுதிச் சான்று பெற வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக் காரோ, பதிவு செய்யப்பட்ட நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்கு எந்த ஆய்வாளர் முன்பும் நிற்க வேண்டியதில்லை. மாநில எல்லையில் அமைந்த ஊர்களில் இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. சட்டம் ஒன்றுதான், ஆனால் பதிவு ஓரிடம், பட்டறை ஓரிடம், ஓட்டம் ஓரிடம்.

2022இல் நாட்டிலேயே மிக அதிகமாகத் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின; 17,884 பேர் உயிரிழந்தனர். இவற்றுள் எத்தனை சக்கரப் பிணைப்பால் நேர்ந்தவை என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. கட்டுப்பாட்டை இழந்து கவிழ்ந்த காரின் முறிந்த திருகாணி, கவிழ்ந்ததற்குக் காரணமா, விளைவா என்பதைத் தேடிப் பார்த்தால்தான் அறிய முடியும். தேடாத வரையில் 'அதிவேகம்' என்ற ஒற்றைச் சொல்லே எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருக்கும்.

மற்ற நாடுகள் இதற்கு முழுத் தடையைத் தீர்வாகக் கொள்ளவில்லை. ஜெர்மனியில் மாற்றுச் சக்கரத்துக்கு, இன்ன காருக்கு ஏற்றது எனச் சான்று உண்டு. சான்றில் அடங்காத மாற்றத்தைத் தொழில்நுட்ப ஆய்வாளர் பார்த்து ஒப்ப வேண்டும். ஜப்பானில் சோதிக்கப்பட்ட அலாய் சக்கரங்கள் 'ஜேடபிள்யூஎல்' முத்திரை தாங்குகின்றன. மாற்றுச் சக்கரங்களுக்கென்றே ஐ.நா.வின் 124ஆவது வாகன ஒழுங்குமுறை உள்ளது. எந்தச் சக்கரம் எந்த வண்டிக்கு என்ற கேள்விக்கு எழுத்தில் விடை இருப்பதே இவற்றின் பொது அடிப்படை.

நாமும் அவ்வழியில் செல்லலாம். ஒவ்வொரு கார் மாதிரிக்கும் ஏற்ற திருகாணி வட்டம், நடுத்துளை அளவு, சக்கரம் வெளித்தள்ளும் அளவு ஆகியவற்றைத் தயாரிப்பாளர்கள் வெளியிட, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆணையிட வேண்டும். அந்த வரம்புக்குள் சக்கரம் மாற்றுவோரைக் குற்றவாளிகளாகக் கருதக் கூடாது. சக்கரங்களும் இடைத்தகடுகளும் முக்கியப் பாதுகாப்பு உறுப்புகளின் பட்டியலில் ஐயத்துக்கு இடமின்றி இடம்பெற வேண்டும். சக்கரம் பூட்டும் கடை, வண்டியின் எண்ணையும் சக்கரத்தின் அளவையும் குறித்து ரசீது தருவதை உள்ளாட்சி அமைப்புகள் தொழில் உரிமத்தின் நிபந்தனையாக்கலாம். சென்னை ஐஐடி பங்கேற்று உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளத்தில், சக்கரமும் திருகாணியும் தயாரிப்பாளரின் அளவுக்கு ஒத்தவையா என்பதை ஆய்வாளர் பதிவுசெய்ய வேண்டும்.

இவையெல்லாம் நடைமுறைக்கு வரும்வரை காரின் உரிமையாளர் செய்யக்கூடியது எளிது. தன் காரின் திருகாணி வட்டத்தையும் நடுத்துளையின் அளவையும் தெரிந்துகொண்டு, அவை இரண்டும் ஒத்த சக்கரத்தை மட்டும் வாங்குவது. பூட்டிய பின் 100 கிலோமீட்டருக்குள் முறுக்கைச் சரிபார்ப்பது. மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பது.

அன்று மாட்டுவண்டிக்குச் சக்கரம் செய்த தச்சர், அச்சை அளக்காமல் குடத்தைக் கடைந்ததில்லை. மாட்டின் நடைவேகத்தில் ஓடிய வண்டிக்கே அந்தக் கவனம் தேவைப்பட்டது. மணிக்கு 100 கிலோமீட்டரில் விரையும் வண்டிக்கு 'ஏறக்குறையப் பொருந்துகிறது' என்ற சொல் போதுமானதாக இருக்க முடியாது.