குளிரில் உறைந்தது குளிரிலேயே இளகட்டும்!

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. உங்களைக் கேட்காமலே உங்கள் சமையலறையைச் சற்று எட்டிப் பார்க்கிறேன், கோபித்துக் கொள்ளாதீர்கள். அடுப்பில் பால் பொங்குகிறது. மேடை மேல் ஒரு தட்டில், ஃப்ரீஸரிலிருந்து எடுத்து வைத்த கோழி கல்லைப் போல் உட்கார்ந்திருக்கிறது. "சமைக்கிற நேரத்துக்குள் தானே இளகிவிடும்" என்று அதை அங்கே வைத்துவிட்டு, குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்த்துவிடப் போய்விட்டீர்கள். சரிதானே?

நானும் பல வருஷங்கள் அப்படித்தான் செய்து கொண்டிருந்தேன். 2019-ம் வருஷம் மே மாதம் ஒரு பாடம் கிடைத்தது; அதோடு நிறுத்தினேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை ஏழு மணிக்கு ஒன்றரைக் கிலோ முழுக் கோழியை வெளியில் எடுத்து வைத்தேன். எட்டு மணிக்கு உறவில் ஒரு வளைகாப்புக்குப் புறப்பட்டோம். பத்து மணிக்குத் திரும்பிவிடலாம் என்று நினைப்பு. வளைகாப்பு வீட்டிலிருந்து சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்தவர்கள் உலகத்தில் உண்டா? வீடு வந்து சேரும்போது மணி ஒன்று. சென்னை வெயிலில், பூட்டிய வீட்டில், அந்தக் கோழி ஆறு மணி நேரம் இருந்திருக்கிறது. தொட்டுப் பார்த்தேன்; எலும்புப் பக்கம் இன்னும் சில்லென்றுதான் இருந்தது. முகர்ந்து பார்த்தேன், வாடை ஒன்றுமில்லை. காசு போட்டு வாங்கியதைக் குப்பையில் கொட்ட மனம் வருமா? ஃபிரிஜ்ஜுக்குள் தள்ளிவிட்டு, இரவு இஞ்சியும் பூண்டும் தாராளமாக அரைத்துப் போட்டு, கொதிக்கக் கொதிக்கக் குழம்பு வைத்தேன். எல்லோரும் ருசித்துத்தான் சாப்பிட்டோம்.

நள்ளிரவில் என் மாமனார் எழுந்தார். அப்போது அவருக்கு 78 வயது. வாந்தியும் வயிற்றுப் போக்குமாக விடியும்வரை ஓயவில்லை. காலையில் அவர் கையைப் பிடித்தால் கை சில்லிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மற்றவர்களுக்கு லேசான வயிற்று வலியோடு போயிற்று. அவருடைய வயது தாங்கவில்லை.

"நன்றாகக் கொதிக்க வைத்தேனே, டாக்டர்!" என்றேன், அழாக் குறையாக.

"கோழிதான் காரணம் என்று சோதித்துப் பார்க்காமல் நான் சத்தியம் செய்ய மாட்டேன், அம்மா. ஆனால் ஒன்று தெரிந்து கொள்ளுங்கள். கொதித்தால் கிருமி செத்துப் போகும். சில கிருமிகள் அதற்கு முன்பே கக்கி வைத்த நஞ்சு கொதித்தாலும் போகாது" என்றார்.

அந்த வார்த்தைதான் என்னை உட்கார வைத்து யோசிக்கச் செய்தது.

நாம் எங்கே தவறுகிறோம் தெரியுமா? ஐஸில் வைத்தால் கிருமி சாகும் என்று நினைத்து விடுகிறோம். அது சாவதில்லை, பெரும்பாலும் தூங்குகிறது. கும்பகர்ணன் தூக்கம்தான்! எழுப்பினால் பசியோடு எழுந்திருக்கும். 4 டிகிரிக்கு மேல் 60 டிகிரி வரையில் இருக்கும் சூடுதான் அதற்குக் கொண்டாட்டம். நல்ல வாய்ப்புக் கிடைத்தால் இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் ஒன்று இரண்டாகும். ஒரு மணி நேரத்தில் ஒன்று எட்டாகிறது. இரண்டு மணியில் 64. நாலு மணியில் 4096. நம் வீட்டு வட்டிக் கணக்குக்கூட இவ்வளவு வேகமாக ஏறுவதில்லை.

"உள்ளே இன்னும் ஐஸாக இருக்கிறதே, பிறகென்ன?" என்று கேட்பீர்கள். அங்கேதான் ஏமாற்றம்! ஐஸ் கரைவதற்கு ஏராளமான சூடு வேண்டும். ஒரு கரண்டி ஐஸைக் கரைக்கிற சூட்டைக் கொண்டு, கரைந்த அதே தண்ணீரை 80 டிகிரிக்குச் சுட வைத்துவிடலாம். ஆகையால் நடுப்பகுதி மணிக்கணக்கில் கல்லாகவே இருக்கும். மேல் தோலோ அதற்குள் சமையலறையின் வெக்கைக்கு வந்து விடும். தொட்டுப் பார்ப்பது நடுப்பகுதியை; கிருமி பெருகுவதோ மேல் பகுதியில். முகர்ந்து பார்த்தும் பயனில்லை. நோய் தரும் கிருமிகள் வாடை காட்ட வேண்டும் என்று சட்டமில்லை.

பாட்டி காலத்தில் இந்தச் சங்கடமே கிடையாது. விருந்தாளி வந்தால் கொல்லையில் மேய்ந்த கோழி ஒரு மணி நேரத்தில் குழம்பாகிவிடும். உறைந்த கோழியை அவர்கள் கண்டதில்லை. ஆகையால் இதற்குப் பாட்டி வைத்தியமும் இல்லை, பழக்கமும் இல்லை. நாமாகத்தான் கற்றுக் கொள்ள வேண்டும். நான் கற்றுக் கொண்டதைச் சொல்கிறேன்.

முதல் வழி, எல்லாவற்றிலும் உத்தமமானது: ஃப்ரீஸரிலிருந்து கோழியை எடுத்து, ஃபிரிஜ்ஜின் கீழ்த் தட்டில் வையுங்கள். பையோடு, குழிவான பாத்திரத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சொட்டுகிற நீர் கொத்துமல்லியிலும் தயிரிலும் விழும். இரண்டு கிலோவுக்கு ஒரு முழு நாள் ஆகும். அரைக் கிலோ துண்டுகளுக்கு ஓர் இரவு போதும். இப்படி இளகிய கோழியை உடனே சமைக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு நாள், இரண்டு நாள் அங்கேயே இருக்கலாம். விருந்து நின்று போனால் மறுபடி ஃப்ரீஸரில் வைக்கலாம். ருசிதான் கொஞ்சம் குறையும்.

இரண்டாவது வழி, மறந்து போனவர்களுக்கு: நீர் புகாத பையில் கட்டி, குளிர்ந்த தண்ணீரில் முழுக அமுக்கி வையுங்கள். அரைக் கிலோ ஒரு மணி நேரத்துக்குள் இளகும். ஒன்றரைக் கிலோவுக்கு இரண்டு மூன்று மணி ஆகும். அரை மணிக்கு ஒரு தரம் தண்ணீரை மாற்ற வேண்டும். குளிர்ந்த தண்ணீர் என்றால் குளிர்ந்த தண்ணீர்தான்! நம் மாடித் தொட்டியிலிருந்து மே மாதம் வருகிறதே, அது அல்ல; அதில் ரசம் வைத்து விடலாம். ஒரு தட்டு ஐஸ் கட்டியைப் போட்டுக் கொள்ளுங்கள். வெந்நீர் கூடவே கூடாது. இப்படி இளகியதை உடனே சமைத்துவிட வேண்டும்.

மூன்றாவது, மைக்ரோவேவ் அடுப்பு உள்ளவர்களுக்கு. அதில் சில ஓரங்கள் அரை வேக்காடாகச் சூடேறிவிடும். ஆகவே வெளியில் எடுத்த கையோடு அடுப்பில் ஏற்ற வேண்டும்.

மூன்றுக்கும் நேரம் இல்லையா? துண்டுகளாக இருந்தால் உறைந்தபடியே குழம்பில் போட்டுக் கொதிக்க விடலாம். வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். எலும்பை ஒட்டிய சதையில் சிவப்புச் சாறு இருந்தால் இறக்காதீர்கள். சமையல் வெப்பமானி இருந்தால் நடுச் சதையில் 74 டிகிரி காட்ட வேண்டும்.

மஞ்சளும் உப்பும் தடவி வைத்தால் வெளியில் இருக்கலாமே என்று ஒரு சகோதரி கேட்டார். கூடாது, அம்மா. மசாலா தடவி ஊற வைப்பதும் ஃபிரிஜ்ஜுக்குள்தான்.

இன்னொன்றைச் சொன்னால் முகம் சுளிப்பீர்கள். பச்சைக் கோழியைக் குழாயடியில் அலசாதீர்கள். தெறிக்கிற நீர்த்துளிகளோடு கிருமியும் மேடைக்கும் காய்கறிக்கும் போய்ச் சேருகிறது. கழுவாமல் மனசு ஆறாது என்றால், ஒரு பாத்திரத் தண்ணீரில் மெதுவாக முக்கி எடுங்கள். பிறகு பாத்திரம், கத்தி, பலகை, கை நாலையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

முழுக் கோழியாக அடுக்காமல், அரைக் கிலோ அரைக் கிலோவாகப் பையில் போட்டு, தட்டையாக அமுக்கி, தேதி எழுதி வைத்தால் பாதித் தொல்லை தீரும். தட்டையானது சீக்கிரம் இளகும்.

மின்சாரம் போய்விட்டால்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் எத்தனை வீடுகளில் நாள் கணக்கில் விளக்கு இல்லை! நிறைந்த ஃப்ரீஸர், கதவைத் திறக்காமல் இருந்தால், இரண்டு நாள் தாங்கும். பாதி நிறைந்தது ஒரு நாள். கீழே ஃபிரிஜ் நாலு மணி நேரந்தான். திறந்து பார்க்கும்போது இறைச்சியில் ஐஸ் பொடி மிச்சமிருந்தால் கவலையில்லை. இளகி, குளிரும் போயிருந்தால் வேண்டாம்.

கடைசியாக, கஷ்டமான விஷயம். வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த கோழியை, வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்ததை, கொட்டிவிட வேண்டும். நமக்குக் கை வராது. ஒரு பிடி சோற்றைக்கூட வீணாக்காமல் வளர்ந்தவர்கள். ஆனால் என் சிக்கனத்தின் கணக்கைக் கேளுங்கள். முந்நூறு ரூபாய்க் கோழியை மிச்சம் பிடிக்கப் போய், ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தது பல ஆயிரம். அந்த இரண்டு இரவு பட்ட பயத்துக்கு விலையே கிடையாது. வீட்டில் முதியவர்களோ, சிறு குழந்தைகளோ, கர்ப்பிணியோ இருந்தால் இரண்டாம் யோசனையே வேண்டாம்.

மாமனார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடிந்து கொண்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள், கஞ்சித் தம்ளரைக் கையில் வைத்துக் கொண்டு, "ஏம்மா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோழி உண்டுதானே?" என்றார். நான் உள்ளே போய் அழுதேன்.

இப்போது எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் சனிக்கிழமை காலையில் ஆரம்பமாகிறது. பேப்பரைப் படித்து மடித்து வைத்துவிட்டு அவர்தான் குரல் கொடுப்பார்: "ஏம்மா, கோழியைக் கீழ்த் தட்டுக்கு இறக்கிவிட்டாயா?"

உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் அப்படிக் கேட்கட்டும்.